பதிலுக்குக் காத்திருந்தவன்

நான் கதை கட்டுகிறவன் இல்லை. அடுத்தவர் சொல்வதைச் சொன்னபடி எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் வேலை போய்விடும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது நடந்தது. எனக்கே நடந்தது. நள்ளிரவில் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இல்லை. பட்டப்பகலில், ஒரு பெரிய மனிதர் வீட்டு முன்கூடத்தில். நேரத்தையெல்லாம் அன்றன்றே பென்சிலால் குறித்து வைத்தேன். அந்த நோட்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை.

என் பெயர் ஏசா டட்டில். கனெக்டிகட்காரன். சுருக்கெழுத்து எழுதுபவன். 1884 நவம்பரில் ஜெனரல் லூசியஸ் ஃபார்னம் வீட்டில் பதினோரு நாள் வேலை பார்த்தேன். அவர் தன் போர் அனுபவங்களைப் புத்தகமாகப் போடக் கிளம்பியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

அந்த ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோழை என்று திட்ட மாட்டேன். கோழைக்கு ஓடவாவது தெரியும். இவருக்கு ஓடுவதா நிற்பதா என்று முடிவு செய்யவே ஒரு கமிட்டி வேண்டும்.

காலையில் முட்டை வரும். கொண்டு வருபவள் ஹனோரா. ஐரிஷ்காரி, அறுபதை நெருங்கியவள், வீட்டு வேலை மொத்தமும் அவள் தலையில். ஜெனரல் முட்டையைக் கரண்டியால் உருட்டிப் பார்ப்பார்.

"இது இன்னிக்குப் போட்டதா?"

"ஆமா ஐயா."

"நிச்சயமா?"

"சூடு ஆறல ஐயா."

"எந்தக் கோழி?"

"போய்ப் பேர் கேட்டுட்டு வரட்டுமா?"

அதற்குள் முட்டை ஆறிவிடும். ஆறிய முட்டை வயிற்றுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

வெயில் அடித்தாலும் கையில் குடை இருக்கும். இருபது வருடமாக ஏறி இறங்கிய மாடிப்படியை, இறங்குமுன் ஒவ்வொன்றாகத் தடியால் தட்டிப் பார்ப்பார். வேலிக்கு வெளியே இரண்டு நாய் நின்றால், "ஏழெட்டு நாய் திரியுது, கதவைச் சாத்து" என்பார். ஆள் பார்க்க என்னவோ கம்பீரம்தான். வெள்ளைத் தாடி, நிமிர்ந்த முதுகு, ஆழமான குரல். ஊரில் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். என் காரணம் வேறு.

நானும் அவர் படையில் இருந்தவன்.

1862 அக்டோபர். மேரிலாந்தில் டக்கர் ஓடை. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரில் ஒரே பகலில் முடித்திருக்க வேண்டிய சண்டை அது. எதிரில் தெற்குப் படை இருபத்தைந்தாயிரம் இருந்தால் அதிகம். நம் ஜெனரல் எண்ணினார். எண்பதாயிரம் என்றார். சந்தேகம் வந்து மறுபடி எண்ணச் சொன்னார். ஒரு லட்சம் ஆகிவிட்டது.

அதனால் ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு புல்மேட்டில், எங்களைப் பதினைந்தாயிரம் பேரை உட்கார வைத்தார். ரிசர்வ் படை. கடைசி அடி அடிப்பதற்காகப் பத்திரப்படுத்தி வைத்த படை. அவருக்குப் பத்திரம்தான் முக்கியம். அடி இல்லை.

என் தம்பி லைமன் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தான். பத்தொன்பது வயது. கர்னல் ப்ரெண்டிஸின் பிரிகேடில் சிப்பாய். காலை ஏழு மணிக்கு அவர்கள் ஓடையில் இறங்கி, நடந்தே கடந்து போனார்கள். மதியம் ஒன்றரைக்கு எதிரியின் நடுவரிசையைப் பிளந்துவிட்டார்கள். மேட்டிலிருந்து எல்லாம் தெரிந்தது. என் பக்கத்தில் ரூஃபஸ் என்று ஒரு மீசைக்காரன். எழுந்து நின்று குதித்தான்.

"டேய் டட்டில், அங்க பாருடா! ஓடுறானுங்கடா!"

"நம்மள எப்படா இறக்குவாரு?"

"ஓடைல தண்ணி எவ்வளவு ஆழம்னு கேட்டு ஆள் அனுப்பியிருக்காராம்."

"முழங்கால் அளவுதானேடா! நம்ம பசங்க நடந்துதானே போனாங்க!"

"அது காலைல. இப்ப ஏறியிருந்தா? பெரிய மனுஷர் கால்ல ஈரம் படலாமா?"

மேடே சிரித்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எதிரி திரும்பி வந்தான். ப்ரெண்டிஸின் ஆட்களை மூன்று பக்கமும் வளைத்தான். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். மூன்று தடவை காபி போட்டோம். ஐந்தே கால் மணிக்கு அந்தப் பக்கத்தில் சுடும் சத்தம் நின்றது. இரண்டாயிரத்து இருநூறு பேர் போனார்கள். இருநூறு பேர்கூடத் திரும்பவில்லை. லைமன் திரும்பவில்லை.

இருபத்திரண்டு வருடம் ஒரே ஒரு கேள்வி என்னை அரித்தது. அவர்கள் உதவி கேட்டார்களா? கேட்டும் இவர் அனுப்பவில்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். மேட்டில் உட்கார்ந்திருந்தவன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முதல் நாள். பள்ளிப் பருவத்திலிருந்து ஆரம்பித்து ஏதோ அளந்துகொண்டிருந்தார். மாலை 3.40.

வெளியே ஜல்லிப் பாதையில் குதிரைக் குளம்புச் சத்தம். வேகமாக வந்து வாசலில் நின்றது. பூட்ஸ் சத்தம். அதில் குதிரையை விரட்டும் குதிமுள் கிணுங்கும் சத்தம். முன்கதவு திறந்தது. மூடியது. கூடத்தில் இருந்த மரப் பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்த மாதிரி.

ஜெனரல் பேச்சை நடுவில் நிறுத்தினார். தலையைத் தூக்கவில்லை.

"காத்திருக்கச் சொல்" என்றார்.

என்னிடம் என்று நினைத்து எழுந்தேன். ஹனோரா சமையலறைப் பக்கக் கதவருகில் நின்றிருந்தாள்.

"நீங்க உக்காருங்க, மிஸ்டர் டட்டில். அவன் காத்துக்கிட்டுதான் இருக்கான்."

ஜெனரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஐந்து மணிக்கு நான் கிளம்பியபோது பெஞ்சில் யாரும் இல்லை. யாரோ பக்கத்து ஊர் ஆள், காத்திருந்து அலுத்துப் போய்விட்டான் என்று நினைத்தேன். அந்த வீட்டில் அது அதிசயம் இல்லை.

இரண்டாம் நாளும் 3.40. அதே குளம்பு. அதே பூட்ஸ். அதே "காத்திருக்கச் சொல்".

மூன்றாம் நாளும்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் ஒன்று உறைத்தது. குதிரை வருகிற சத்தம் தினமும் கேட்கிறது. போகிற சத்தம்? ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

நான்காம் நாள் ஐந்து மணிக்குக் கூடத்துக்கு வந்தேன். ஹனோரா மண்டியிட்டுப் பெஞ்சுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சுப் பலகை நனைந்திருந்தது. வாளியில் கலங்கிய தண்ணீர்.

"மழையா?" என்றேன். பத்து நாளாக அங்கே மழை இல்லை.

"இல்ல."

"பின்ன என்ன தண்ணி?"

அவள் துணியைப் பிழிந்தாள். அதிலிருந்து ஒரு சின்னப் பாசித் துணுக்கு விழுந்தது.

"நான் பதினாறு வருஷமா துடைக்கிறேன். கேக்கிறதில்ல. நீங்களும் கேக்காதீங்க."

ஐந்தாம் நாள் மதியம் தோட்டக்காரன் ஜல்லிப் பாதையை வாரியால் சீராக இழுத்துவிட்டிருந்தான். 3.40க்குச் சத்தம் வந்தது. 5.02க்கு நான் குனிந்து பார்த்தேன். வாரி இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு குளம்புத் தடம் இல்லை.

ஆறாம் நாள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் வேண்டும் என்று சாக்குச் சொன்னேன். 3.39. பாதை காலி. 3.40. சத்தம் தொடங்கியது. தூரத்து வளைவிலிருந்து. நெருங்கியது. பாதையில் எதுவும் இல்லை. குதிரை இல்லை. ஆள் இல்லை.

ஆனால் ஜல்லிக் கற்கள் துள்ளின.

நாலு நாலாக. என் ஜன்னலுக்குக் கீழே வரிசையாகத் துள்ளிக்கொண்டே போயின. வாசலில் நின்றன. வாசற்கதவின் கண்ணாடியில், ஆள் உயரத்துக்கு மேலே, பெரிதாக ஒரு மூச்சுப் பனி படிந்தது. கரைந்தது. மறுபடி படிந்தது.

"காத்திருக்கச் சொல்" என்றார் ஜெனரல்.

என் பென்சில் முனை உடைந்திருந்தது.

ஏழாம் நாள் ஞாயிறு. எனக்கு விடுமுறை. எட்டாம் நாள் காலையில் சமையலறையில் ஹனோராவைப் பிடித்தேன்.

"நேத்தும் வந்தானா?"

"ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸ், எதுவும் கிடையாது அவனுக்கு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"மொத வருஷம் காபி கொண்டு போனேன். பாவம், சின்னப் பையன், நனைஞ்சிருக்கானேன்னு. கோப்பைய நீட்டினேன். என்னப் பாக்கல. 'பதில்?'னு கேட்டான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் அஞ்சு மணிக்கு முன்னாடி போறதில்ல."

"ஜெனரல் அவனப் பாக்க வர மாட்டாரா?"

"அவரா?" மாவை மேஜையில் அறைந்தாள். "பதினாறு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுந்து வந்து ஆமாம்னோ இல்லைன்னோ சொல்லியிருந்தா அந்தப் பையன் போயிருப்பான். இவரு எழுந்து வரணும்னா மொதல்ல நாற்காலிகிட்ட அனுமதி கேக்கணும்."

நான் வேலையை விட்டு ஓடியிருக்கலாம். எனக்கும் அந்த நினைப்பு வந்தது. ஆனால் டக்கர் ஓடை அத்தியாயம் இன்னும் வரவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்காமல் நான் எப்படிப் போவேன்?

பதினோராம் நாள் வந்தது. வியாழன். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தார். வானம் மூடியிருந்தது. அவர் குரல் அன்றைக்கு ரொம்பக் கனிந்திருந்தது. தன் படையைத் தன் பிள்ளைகள் என்றார். ஒரு பிள்ளையின் உயிரைக்கூட வீணாக்க மனம் வரவில்லை என்றார். நான் எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

3.31க்கு இதைச் சொன்னார். நேரம் குறிக்கும் என் சொந்த நோட்டிலும் பிறகு அப்படியே எழுதி வைத்தேன்:

"அன்று ரிசர்வ் படையைக் கேட்டு எந்தக் கோரிக்கையும் என் கைக்கு வந்து சேரவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே அனுப்பியிருப்பேன். கர்னல் ப்ரெண்டிஸ் வீரர். ஆனால் கேட்கத் தவறிவிட்டார். அந்தப் பிழைக்கு அவரும் அவர் ஆட்களும் கொடுத்த விலையை எண்ணி இன்றும் வருந்துகிறேன்."

ப்ரெண்டிஸ் செத்துப்போனவர். பதில் சொல்ல வரமாட்டார். இரண்டாயிரம் பேரின் சாவை அவர் தலையில் வைத்துவிட்டு இவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"யாருமே கேக்கலையா, ஜெனரல்?"

"எழுதுங்க, டட்டில்."

"ஒருத்தர்கூட?"

அப்போது மணி 3.40.

குளம்பு. பூட்ஸ். கதவு. பெஞ்சு.

"காத்திருக்கச் சொல்" என்றார். உதடு மட்டும் அசைந்தது.

"யார் அது?" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தப்பிக்க எத்தனை வழி என்று கணக்குப் போடுகிற முகம். கடைசியில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அன்னிக்கும் இதே நேரம்தான் வந்தான். ப்ரெண்டிஸ் ஆள். ஒரு காகிதத்த நீட்டினான். நான் வாங்கல."

"ஏன் வாங்கல?"

"வாங்கினா படிக்கணும். படிச்சா முடிவு பண்ணணும்."

எழுதிய பக்கத்தை ஒருமுறை பார்த்தேன்.

"அப்ப கோரிக்கை வந்திருக்கு."

"என் கைக்கு வரல. நீங்க எழுதினதப் படிச்சுப் பாருங்க. கைக்குன்னுதான் சொல்லியிருக்கேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது." விரலை நிமிர்த்தினார். "முடியாதுன்னும் நான் சொல்லல. காத்திருன்னுதான் சொன்னேன். அது தப்பா?"

அந்த விரலைப் பார்த்தேன். நிமிர்ந்த முதுகைப் பார்த்தேன். துப்பலாம் என்று தோன்றியது. எச்சிலை வீணாக்க வேண்டாம் என்று விட்டேன்.

எழுந்து கதவைத் திறந்தேன்.

"டட்டில்! வேண்டாம். இன்னும் கொஞ்சம் யோசிச்சுட்டு..."

கதவைச் சாத்தினேன்.

மணி 3.52.

கூடத்தில் விளக்கு ஏற்றவில்லை. சேற்று வாடை. நனைந்த குதிரையின் வாடை. ஓடைக்கரையில் நின்றால் வருமே, அந்தக் குளிர்.

பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

எனக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்தபடி. நீலக் கோட்டு. தொப்பி இல்லை. தோளில் தோல்பை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்... சொட்...

இரண்டடி வைத்தேன்.

கோட்டின் முதுகில் ஒரு ஓட்டை. சின்ன நாணயம் அளவுக்கு. கறுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அதன் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது. சுவர்க் காகிதத்தில் அச்சடித்த மஞ்சள் பூ தெரிந்தது.



அவன் திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் வந்தது. வெளுத்த கை. ஊறிச் சுருங்கிய விரல்கள். நடுவில் ஒரு காகிதம்.

"பதில்?"

மெல்லிய குரல். களைத்த குரல். அதட்டவில்லை. கெஞ்சவில்லை. கேட்டுக் கேட்டுத் தேய்ந்த குரல்.

வாங்கினேன்.

விரல் என் விரலில் பட்டது. அந்தக் குளிரைப் பற்றி எழுத மாட்டேன்.

காகிதம் நனைந்திருந்தது. பென்சில் எழுத்து அழியவில்லை. இவ்வளவுதான் இருந்தது:

நடுவரிசையை உடைத்துவிட்டோம். எதிரில் யாரும் இல்லை. ரிசர்வை அனுப்புங்கள். இயலாதென்றால் பின்வாங்க அனுமதி தாருங்கள். ப்ரெண்டிஸ். 1.45.

கேட்டிருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடக் கேள்விக்குப் பதில் என் கையில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. உள்ளே அந்தக் கிழவர் நாற்காலியை நகர்த்துவது கேட்டது. எழுந்து வரலாமா, வேண்டாமா. ஒரு காகிதத்தைத் தொடுவதற்கு ஒரு வாழ்நாள் போதவில்லை அந்த மனிதருக்கு! என் பையில் இன்னொரு பென்சில் இருந்தது. காகிதத்தைத் திருப்பிச் சுவரில் வைத்தேன். அவர் எழுதியிருக்க வேண்டியதை நான் எழுதினேன்:

விட்டுவிடாதீர்கள். ரிசர்வ் வருகிறது. ஃபார்னம்.

அவர் பெயரையே போட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்தப் பெயர் ஒரு முடிவுக்குக் கீழே இருக்கட்டும் என்று. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறித்தேன். 3.58.

நீட்டினேன்.

அவன் எழுந்தான்.

பெஞ்சு கிறீச்சிட்டது.

கை காகிதத்தை எடுத்துக்கொண்டது. பைக்குள் வைத்தது. பையின் வாரைப் பூட்டியது.

அப்போது... தலை மெல்லத் திரும்பியது...

கண்ணை மூடிக்கொண்டேன்.

குதிமுள். கிணிங்... கிணிங்...

கதவு.

பிறகு குளம்புச் சத்தம். பாய்ச்சலில். பாதை வழியே. ஆற்றுப் பக்கம். தூரம்... இன்னும் தூரம்...

இல்லை.

மணி 4.00.

அந்த வீட்டில் முதல் தடவையாக அந்தக் குதிரை போனது.

சமையலறையில் ஏதோ விழுந்து உடைந்தது. ஹனோரா ஓடிவந்தாள். பெஞ்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டாள்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"அவன் கேக்க வந்தத."

அப்புறம்தான் ஜெனரல் வந்தார். கதவை ஒரு சாண் திறந்து, தடியால் தரையைத் தட்டிப் பார்த்து, அதற்கப்புறம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னக் கேக்காம என்ன பதில் குடுத்தீங்க?"

"நீங்க குடுக்க வேண்டியத."

"என் உத்தரவு இல்லாம..." என்று தொடங்கினார். நிறுத்தினார். வாசலைப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். "உண்மையாவே போயிட்டானா? திரும்பி வரமாட்டானே?"

"வரமாட்டான்."

அந்த முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? வெட்கமாவது, வருத்தமாவது. பல் வலி நின்றவன் முகம். ஹனோராவிடம் திரும்பி, "தேநீர் போடு. ரொம்பச் சூடா வேண்டாம்" என்றார்.

அன்று அவருக்காக எழுதிய பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அவர் வேறு ஆள் வைத்துக்கொண்டார். புத்தகம் வந்தது. "என் கைக்கு வந்து சேரவில்லை" என்ற வரி அப்படியே அச்சாகியிருந்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஹனோரா ஒரு கடிதம் போட்டாள். குதிரை அதற்கப்புறம் வரவே இல்லையாம். ஜெனரலுக்குப் பசி கூடிவிட்டதாம். ராத்திரி நன்றாகத் தூங்குகிறாராம். இன்னும் ஆறு வருடம் சௌக்கியமாக வாழ்ந்து, படுக்கையில் செத்தார். போர்வையை இழுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தபடி செத்திருப்பார்.

அந்தப் பையனை விடுவித்தது நான்தான் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. ஏழு வருடம் அந்தப் பெருமையோடு இருந்தேன்.

1891 அக்டோபரில் டக்கர் ஓடையில் ப்ரெண்டிஸின் பிரிகேடுக்கு ஒரு கல்தூண் வைத்தார்கள். லைமன் பெயரும் அதில் இருந்தது. போனேன். மதியச் சாப்பாட்டுக்கு நீள மேஜை போட்டிருந்தார்கள். பன்றி இறைச்சி போட்டு வேகவைத்த பீன்ஸ், ரொட்டி, காபி. என் பக்கத்தில் ஹைரம் ஸ்ப்ராக் என்று ஒரு கிழவர். லைமன் இருந்த கம்பெனியில் சார்ஜென்ட்டாக இருந்தவர். இடது கால் மரக்கால். தம்பியின் பெயரைச் சொன்னதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"லைமன் அண்ணனா நீ? தங்கமான பையன்ப்பா. கடைசி வரைக்கும் என் பக்கத்துலதான் நின்னான்."

"ரொம்ப நேரம் நின்னீங்க" என்றேன். "மேட்டுலேர்ந்து பாத்தேன்."

"நிக்கவே வேண்டியதில்லப்பா! அதச் சொன்னா வயிறு எரியும்." கரண்டியை வைத்தார். "நாலு மணிக்கு கர்னல் போதும்னு முடிவு பண்ணிட்டாரு. பாதி பேர் உசுரோட இருந்தோம். ஓடை வழி தொறந்திருந்துச்சு. பின்வாங்கச் சொல்லி ஊதுறதுக்கு எக்காளக்காரன் எக்காளத்த வாய்கிட்ட கொண்டு போயிட்டான். அந்த நேரம் பாத்து ஜோயல் வந்தான்."

"யாரு ஜோயல்?"

"ஜோயல் வேட். கர்னல் சீட்டு எடுத்துட்டுப் போனவன். குதிரைல பாய்ஞ்சு வந்து காகிதத்த நீட்டினான். கர்னல் சத்தமாப் படிச்சாரு. எனக்கு இன்னும் மனப்பாடம். 'விட்டுவிடாதீர்கள். ரிசர்வ் வருகிறது. ஃபார்னம்.' நேரம்கூடப் போட்டிருந்துச்சு. மூணு அம்பத்தெட்டு."

மேஜை, ஆட்கள், பேச்சுச் சத்தம், எல்லாம் எங்கோ போய்விட்டன.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? நின்னோம். வர்றாங்கன்னா நிப்போம்ல? ஒரு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுது." தரையில் காறித் துப்பினார். "பயந்தாங்கொள்ளிய மன்னிச்சிடலாம்ப்பா. பயப்படுறது அவன் புத்தி. ஆனா வர்றேன்னு கைப்பட எழுதிட்டு வராம இருந்தான் பாரு... அவன் மனுஷனே இல்ல."

எழுதியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஸ்ப்ராக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்றதில்ல. ஜோயல் போகும்போதே, ரெண்டு மணிக்கே, ஓடை நடுவுல அவன் மேல குண்டு பட்டுச்சுப்பா. முதுகுல. தண்ணிக்குள்ள குப்புற விழுந்தத நான் பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன். நாலு மணிக்கு எப்படி வந்தான்னு அப்ப யாருக்கும் கேக்கத் தோணல. ரெண்டு நாள் கழிச்சு அவன ஓடைலேர்ந்து எடுத்தோம். அதே இடத்துல. குதிரைக்கு அடியில."

"லைமன்..." என்றேன்.

"அவனா?" கிழவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "பக்கத்துப் பையன் ஒருத்தன் ஓடிடலாமான்னு எழுந்தான். லைமன்தான் அவன் கோட்டப் புடிச்சு உக்கார வச்சான். 'எங்க அண்ணன் அந்தப் படைலதான்டா இருக்கான். வர்றோம்னு சொன்னா வந்துடுவான்'னு சொன்னான்."